கோடாலிக்கும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சாரல் ஓய்ந்து, செங்கோட்டை, புளியரை, பண்பொழிப் பகுதித் தோப்புகளில் காற்றுக்கு முறிந்து கிடக்கும் கிளைகளை அப்புறப்படுத்தும் வேலை தொடங்கும்போதெல்லாம், எங்கள் கடைத்தெருவில் கோடாலி விற்பனை சூடு பிடிக்கிறது. பெரிய மரங்களை அறுக்க எந்திர ரம்பம் வந்துவிட்டாலும், அறுத்த துண்டைப் பிளப்பதற்கும், அடுப்புக்குச் சிறாய் சீவுவதற்கும், வேலிக்கம்பைக் கூராக்குவதற்கும் இன்றும் கோடாலிதான் வேண்டியிருக்கிறது. ஆனால் அப்படி வாங்கப்படும் கோடாலிகளில் பல, அடுத்த சாரல் வருவதற்குள் காம்பு ஆடியோ வெட்டும் வாய் மடங்கியோ வீட்டு மூலைக்குப் போய்விடுகின்றன. இரும்பு சரியில்லை என்று கடைக்காரரைக் குறைசொல்லிவிட்டு, மறுபடியும் அதே கடையில் அதே போன்ற ஒன்றை வாங்குகிறோம். தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் டிராக்டருக்கும் மருந்துதெளிப்பானுக்கும் கிடைக்கும் இடத்தில் ஒரு சிறு பகுதியையாவது கோடாலி, கைக்கோடாலி போன்ற கருவிகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

தமிழக–கேரள எல்லைக்கு இருபுறமும் கோடாலியின் மீது ஈடுபாடு கொண்ட சிலர், தெரிந்ததை ஒருவருக்கொருவர் சொல்லியும் படம் அனுப்பியும் பழகி வருகிறோம். ஆரியங்காவுப் பக்கம் ரப்பர் மரம் வெட்டியவரும், தென்காசி அருகே பட்டறை வைத்திருப்பவரும், வெளிநாட்டுப் பழைய கோடாலித் தலைகளைத் தேடிச் சேர்க்கும் இளைஞரும் இதில் உண்டு. இரும்பைப் பற்றிக் கொல்லருக்குத் தெரிந்தது மரம் வெட்டியவருக்குத் தெரியாது. காம்பைப் பற்றி மரம் வெட்டியவருக்குத் தெரிந்தது சேகரிப்பவருக்குத் தெரியாது. மூவரும் பேசும்போதுதான் ஒரு கோடாலி முழுதாகப் புரிகிறது என்பதைக் கண்டதால், அந்தப் பேச்சில் தேறியவற்றுள் சிலவற்றைத் தங்கள் வாசகர்களுக்கு முன்வைக்கிறேன்.

முதலில் காம்பு. குலத்தைக் கெடுக்க வந்த கோடாலிக் காம்பு என்று பழமொழி அதன் தலையில் பழியைப் போட்டாலும், கோடாலியின் ஆயுளில் பாதி காம்பில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் ஹிக்கரி மரத்தையும் ஐரோப்பாவில் ஆஷ் மரத்தையும் காம்புக்குப் போற்றுகிறார்கள். நம் மலைப்பகுதியில் சடச்சிக்கு அதே பெருமை உண்டு. வளைந்து கொடுத்து, அதிர்ச்சியைத் தாங்கி, கைக்கு வலி கொடுக்காத மரம் அது. வண்டி அச்சுக்குப் பயன்பட்ட வெக்காலியும் காம்புக்குச் சிறந்தது. இவை காட்டு மரங்கள் என்பதால் முறையான மரக்கடையில் கிடைத்தால் மட்டுமே வாங்க வேண்டும். கிடைக்காதவர்களுக்குச் சொந்த நிலத்துக் கருவேலம் போதும்.

மரத்தின் பெயரைவிட அதன் ரேகை முக்கியம் என்பதை எங்கள் குழுவில் எவரும் மறுத்ததில்லை. காம்பின் அடிமுனையை வெளிச்சத்தில் பார்த்தால் வளர்ச்சி வளையங்கள் கோடுகளாகத் தெரியும். அக்கோடுகள் கோடாலியின் வாயிலிருந்து பின்புறத்து மண்டை நோக்கி, அதாவது வெட்டு விழும் திசையிலேயே ஓட வேண்டும். குறுக்காக ஓடினால் அந்தக் காம்பு பலம் குறைந்தது. அடுத்து, காம்பைப் பக்கவாட்டில் திருப்பி, நார் அடியிலிருந்து நுனி வரை அறுபடாமல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். நடுவழியில் நார் வெளியே ஓடிப்போகும் இடம் எதுவோ, அங்கேதான் காம்பு என்றைக்காவது ஒடியும். அறுவை மில்லில் பலகையாக அறுத்துக் கடைந்த காம்புகளில் இக்குறை அதிகம். கட்டையைப் பிளந்து, பிளவு போன வழியிலேயே செதுக்கிய காம்பில் நார் தானாகவே நேராக அமைந்துவிடுகிறது. பழைய ஆட்கள் காம்புக்குக் கட்டையைப் பிளந்துதான் எடுப்பார்கள் என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. எடுத்த கட்டையை நிழலில் நன்றாக உலரவிடாமல் மாட்டினால், மாட்டிய பிறகு அது சுருங்கித் தலை ஆடும்.

ஆடும் கோடாலியை இரவு முழுவதும் வாளித் தண்ணீரில் போட்டுவைக்கும் வழக்கம் எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. காலையில் தலை இறுகியிருப்பது உண்மைதான். ஆனால் காம்பு நுழையும் இரும்புக் கண்ணுக்குள் உப்புவதற்கு இடமில்லாத மரம் தன் நாரையே நசுக்கிக்கொள்கிறது. உலர்ந்த பிறகு முன்னிலும் மெலிந்து, முன்னிலும் அதிகமாக ஆடுகிறது. ஊறவைப்பதை வழக்கமாக்கிக்கொண்ட காம்பு நீண்ட நாள் உழைக்காது. சரியான வழி, காம்பின் தலைப்பக்கத்தில் கண்ணின் ஆழத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை ரம்பத்தால் ஒரு கீறல் போட்டு, காம்பைக் கண்ணில் இறக்கியபின், அந்தக் கீறலில் உலர்ந்த மர ஆப்பை அடிப்பதுதான். இரும்பு ஆப்பு மட்டும் அடித்தால் அது மரத்தைப் பிளக்கும். மர ஆப்பு அடித்து, தேவையென்றால் அதன்மேல் குறுக்காகச் சிறிய இரும்பு ஆப்பு வைக்கலாம்.

காம்பைத் தலைக்குள் இறுக்கும் முறையில் முதன்முறை பார்ப்பவர்கள் நம்ப மறுக்கும் ஒரு நுணுக்கம் உண்டு. கோடாலியைத் தலைகீழாக, இரும்பு கீழே தொங்குமாறு ஒரு கையால் காம்பைப் பிடித்துக்கொண்டு, மேலே இருக்கும் காம்பின் அடிமுனையை மரச் சுத்தியால் தட்ட வேண்டும். ஒவ்வொரு தட்டுக்கும் இரும்புத் தலை கீழே நழுவிப்போகும் என்றுதான் தோன்றும், நடப்பதோ நேர்மாறு. கனமான தலை இருந்த இடத்திலேயே நிற்க, இலேசான காம்பு தட்டுக்குத் தட்டு அதன் உள்ளே இறங்குகிறது. கல்லில் மோதி இறுக்குவதைவிட இது சீரானது. காம்பின் அடியும் சிதையாது. மாட்டி முடித்தபின் காம்பின் அடியிலிருந்து ஒற்றைக் கண்ணால் நோக்கினால், வாய் காம்பின் நடுக்கோட்டோடு ஒன்றி நிற்க வேண்டும். சிறிது விலகியிருந்தாலும் வெட்டு ஒவ்வொன்றும் ஒரு பக்கமாகச் சறுக்கும்.

கடைக் காம்புகளில் பளபளக்கும் வார்னிஷ் கையில் கொப்புளம் போடுவதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை. அதைச் சுரண்டிவிட்டு ஆளிவிதை எண்ணெயை மெல்லிய பூச்சாகச் சில முறை தேய்த்து உலரவிட வேண்டும். எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் எறியக் கூடாது. ஆளிவிதை எண்ணெய் காற்றோடு சேர்ந்து உலரும்போது வெப்பம் உண்டாகிறது. சுருட்டிய துணிக்குள் அந்த வெப்பம் தேங்கித் தானாகவே தீப்பற்றக்கூடும். துணியை விரித்துக் காயப்போட வேண்டும், அல்லது தண்ணீரில் நனைத்துவைக்க வேண்டும்.

இனி இரும்புக்கு வருகிறேன். எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் இன்று பெரும்பாலும் லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையைக்கொண்டே வாய் அமைக்கிறார்கள். அது சிலிக்கானும் மாங்கனீசும் கலந்த நல்ல எஃகு, கோடாலிக்குப் பொருத்தமானது. ஆனால் அதைச் செக்கச்செவேல் என்று காய்ச்சித் தண்ணீரில் தோய்த்தால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். எண்ணெயில் தோய்ப்பதே பாதுகாப்பு. சூடு போதுமா என்று பார்க்க ஒரு காந்தத் துண்டு போதும். ஏறக்குறைய 770 பாகை செல்சியசில் இரும்பு காந்தத்துக்கு ஒட்டாமல் போகிறது. அதற்குச் சற்று மேலே கொண்டுபோய்த் தோய்த்தால் சரியாக இருக்கும். அனுபவமுள்ள கொல்லர்களுக்குக் காந்தம் வேண்டியதில்லை. உலைக்கூடத்தை அவர்கள் இருட்டாக வைத்திருப்பது வசதிக் குறைவால் அல்ல, இரும்பின் நிறம் வெயிலில் பொய் சொல்லும் என்பதால்தான்.

அடுத்து வருவது, தோய்த்த இரும்பு நொறுங்காதபடி அளவாகச் சூடேற்றும் பதம் பார்த்தல். அதைப் பட்டறையில் நின்று ஒருமுறையாவது பார்க்க வேண்டும். கொல்லர் வாய்ப்பகுதியை மட்டும் தோய்த்து எடுத்து, அதை ஒரு கல்லால் சட்டென்று தேய்த்து வெளுக்கவைக்கிறார். மேற்பகுதியில் இன்னும் தங்கியிருக்கும் சூடு மெல்ல வாயை நோக்கி இறங்குகிறது. அதோடு நிறங்களும் இறங்குகின்றன. முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, கடைசியில் நீலம். 220 பாகையில் மஞ்சள் என்றால் 300 பாகையில் நீலம். இடையில் உள்ள வேறுபாடு சில நொடிகள்தான். ஊதா நிறம் வாய்க்கு வந்து சேரும் நேரத்தில் மறுபடியும் தோய்த்து நிறுத்திவிடுகிறார். மஞ்சளிலேயே நிறுத்தினால் வாய் சில்லாகத் தெறிக்கும்; நீலம் கடந்துபோனால் மடங்கும். வெப்பமானி எதுவும் இல்லாமல், பேச்சை நிறுத்திவிட்டு அவர் அந்த நிறத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார்.

இதைப் பார்த்தவர்கள் கடைத்தெருவில் மின்சாரச் சாணையில் கோடாலி தீட்டுவதைப் பார்த்தால் பதறிப்போவார்கள். தீப்பொறி பறக்க அழுத்திப் பிடித்துத் தீட்டும்போது, வாயின் ஓரத்தில் அதே மஞ்சளும் ஊதாவும் நீலமும் தோன்றுகின்றன. கொல்லர் கவனமாகக் கொடுத்த பதம் அந்த இடத்தில் போய்விட்டது என்பதற்கு அதுவே அடையாளம். நீலம் பாய்ந்த அந்த ஓரத்தை அரத்தால் முழுவதும் ராவி நீக்கும் வரை, எத்தனை முறை தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது. புதுக் கோடாலியின் வாய் சில நாளிலேயே மடங்குவதற்குத் தொழிற்சாலை காரணமாக இருக்கலாம். ஆனால் பெரும்பாலும் காரணம், வாங்கிய கையோடு தெருமுனையில் தீட்டக் கொடுத்ததுதான் என்பது என் கருத்து.

வீட்டில் தீட்டுவது கடினமல்ல. கோடாலியை அசையாமல் இறுக்கி, கைக்குத் தடித்த உறை அணிந்து, தட்டை அரத்தால் ராவ வேண்டும். அரம் முன்னே தள்ளும்போதுதான் வெட்டும். இழுக்கும்போதும் அழுத்தித் தேய்த்தால் அரத்தின் பல்தான் மழுங்கும். புது அரம் வாயில் பிடிக்காமல் வழுக்கினால் எஃகு மிகக் கடினமாக இருக்கிறது. வெண்ணெயாக வெட்டினால் பதமே இல்லை. இரண்டு பக்கமும் சமமாக ராவியபின், சாணைக்கல்லைத் தண்ணீரோ எண்ணெயோ விட்டு வாயின்மேல் சிறு வட்டங்களாகச் சுற்றினால் போதும். மயிர் மழிக்கும் அளவுக்குக் கூர் வேண்டும் என்று ஆர்வலர்களில் சிலர் காட்டும் பிடிவாதத்தை நான் ஏற்பதில்லை. விறகு பிளக்கும் கோடாலிக்கு அது வீண் வேலை.

வடிவத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரம் வெட்டுவதற்கான கோடாலியின் கன்னம், அதாவது தலையின் பக்கவாட்டு, மெலிந்து, நாருக்குக் குறுக்கே ஆழமாக இறங்க வேண்டும். விறகு பிளக்கும் கோடாலிக்குக் கன்னம் தடித்து, நாரை இருபுறமும் தள்ளி விலக்க வேண்டும். ஒன்றைக்கொண்டு மற்றதைச் செய்தால், மெலிந்தது கட்டையில் சிக்கிக்கொள்ளும், தடித்தது எகிறிவிடும். பலகை செதுக்கும் கோடாலிக்கு ஒரு பக்கம் மட்டுமே சரிவு இருக்கும். கடையில் இவற்றைப் பிரித்துக் கேட்பவர் இல்லாததால், எதற்கும் முழுதாக உதவாத நடுத்தர வடிவம் ஒன்றே விற்கிறது.

வெளிநாட்டுக் கோடாலி மோகம் இப்போது இளைஞர்களிடம் பரவி வருகிறது. சுவீடனில் 1697-இல் தொடங்கிய ஹுல்ட்ஸ் புரூக், 1902-இல் தொடங்கிய கிரான்ஸ்ஃபோர்ஸ் புரூக் ஆகிய பட்டறைகளின் கோடாலிகள் உலகப் புகழ் பெற்றவை. கிரான்ஸ்ஃபோர்ஸில் ஒவ்வொரு தலையிலும் அதை அடித்த கொல்லர் தம் பெயரின் முதலெழுத்துகளைப் பொறிக்கிறார். அந்த வழக்கத்தை நான் மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் அங்குள்ள பைன், ஸ்ப்ரூஸ் போன்ற மென்மரங்களுக்கு ஏற்றவாறு மெலிதாகத் தீட்டிய வாயைக்கொண்டு நம் காய்ந்த சவுக்கையோ புளியையோ வெட்டினால் வாய் சில்லாகப் பெயரும் என்பதை வாங்குபவர்கள் அறிய வேண்டும். பச்சை ரப்பர் கட்டை நேராகப் பிளந்துவிடும். காய்ந்த தைலமரமோ நார் பின்னிக்கொண்டு கோடாலியைத் திருப்பி அனுப்பும். ஆரியங்காவில் நன்றாக வேலை செய்யும் கோடாலி கடையநல்லூரில் சோபிக்காமல் போவதற்கு வெட்டுபவரின் கைமட்டும் காரணமல்ல.

கைக்கோடாலி சிறியது என்பதால் ஆபத்து குறைவு என்று எண்ணிச் சிறுவர்களிடம் கொடுத்துவிடுகிறார்கள். உண்மை வேறு. நீண்ட காம்புக் கோடாலி குறி தவறினால் பெரும்பாலும் காலுக்கு முன்னால் தரையில் இறங்கும். நின்றுகொண்டு வீசும் கைக்கோடாலி குறி தவறினால் அதே வீச்சில் முழங்காலுக்கோ கணுக்காலுக்கோ வந்துவிடும். ஆகவே கைக்கோடாலியால் வேலை செய்பவர் மண்டியிட்டு, அகலமான அடிக்கட்டையின் மேல், தம்மைவிட்டுத் தள்ளி விறகை வைத்துப் பிளக்க வேண்டும். சுத்திக்குப் பதிலாக அதன் மண்டையால் இரும்பு ஆப்பை அடிக்கவும் கூடாது. கண்ணைச் சுற்றியுள்ள இரும்பு மெலிந்தது, பதமேற்றப்படாதது. சில அடிகளிலேயே கண் விரிந்து, பிறகு எந்தக் காம்பும் அதில் நிற்காது.

எல்லையோரத்தில் வாழ்பவர்கள் சட்டத்தையும் மறக்கக் கூடாது. 1959-ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம், வீட்டுக்கும் வேளாண்மைக்கும் மட்டுமே என்று செய்யப்பட்ட கருவிகளை ஆயுதம் என்ற வரையறைக்குள் சேர்க்கவில்லை. எனினும் 1882-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டமும் 1961-ஆம் ஆண்டுக் கேரள வனச் சட்டமும் வனக்குற்றத்துக்குப் பயன்பட்ட கருவிகளைப் பறிமுதல் செய்ய வனத்துறையினருக்கு அதிகாரம் அளிக்கின்றன. பட்டறைக்குக் கொண்டுபோகும் கோடாலியை வாய்க்கு உறையிட்டுக் கட்டி, வண்டியின் பெட்டியில் வைத்து எடுத்துச் செல்வது இருதரப்புக்கும் நல்லது.

2025 ஜனவரியில், சிவகளை அகழாய்வில் கிடைத்த சான்றுகளின்படி தமிழ் நிலத்தில் இரும்பின் பயன்பாடு கி.மு. நான்காம் ஆயிரமாண்டின் நடுப்பகுதிவரை செல்கிறது என்று தமிழக அரசு அறிவித்தபோது நாமெல்லாரும் பெருமைப்பட்டோம். தென்னிந்தியப் பெருங்கற்காலப் புதைகுழிகளில் கண்ணே இல்லாத தட்டைக் கோடாலிகள் கிடைத்திருக்கின்றன. அலகைக் காம்பில் பொருத்திக் குறுக்குநெடுக்காக இரும்புப் பட்டை கட்டி இறுக்கியிருக்கிறார்கள். காம்பு ஆடுவது அன்றைக்கும் தலைவலியாகத்தான் இருந்திருக்கிறது போலும். அந்தக் கைத்தொழிலின் வழிவந்தவர்கள் இன்றும் செங்கோட்டைச் சந்தைக்கு அரிவாளும் கோடாலியும் கொண்டுவருகிறார்கள். அவர்களுக்குப் பின் அந்தப் பட்டறைகளில் உட்கார ஆளில்லை. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அருங்காட்சியகத்து இரும்புக்குக் கொடுக்கும் கவனத்தில் ஒரு துளியை உலையில் இருக்கும் இரும்புக்கும் கொடுக்கலாம் என்று கருதுகிறேன்.

ஆகவே, தங்கள் வேளாண் பக்கத்தில் மாதம் ஒரு முறையாவது ஒரு கைக்கருவியை எடுத்துக்கொண்டு, அதைச் செய்பவரையும் பயன்படுத்துபவரையும் பேசவைத்து, படத்தோடு வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எழுத்தைவிடப் படம் இங்கே முக்கியம். காம்பின் ரேகை, ஆப்பின் கீறல், பதத்தின் நிற வரிசை ஆகிய மூன்றையும் வண்ணத்தில் அச்சிட்டால், அதை வெட்டிப் பட்டறைச் சுவரில் ஒட்டிவைப்பவர்கள் இருக்கிறார்கள். முதல் கட்டுரை கோடாலியைப் பற்றியதாக அமையுமானால், நிற வரிசையைப் படமெடுக்கத் தென்காசிப் பட்டறைக்காரர் இசைந்திருக்கிறார். உலைக்கு எதிரே விளக்கு போடக் கூடாது என்பது மட்டுமே அவருடைய நிபந்தனை. காம்புகளின் குறுக்குவெட்டு மாதிரிகளை, நல்லதும் கெட்டதுமாக, நாங்களே அறுத்து அனுப்பிவைக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
புளியரை,
தென்காசி மாவட்டம்.